நகரசபையின் பேரில் நான் வைத்த தாம்பூலம்

1

இங்கிலாந்துக்கு வந்து இருபத்தைந்து வருடம் நிறைந்த அன்று நான் பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். முந்நூறு பிள்ளைகள் சாப்பிட்ட தட்டு. நின்று யோசிக்க விடாத வேலை, அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். ஒன்றரை மணிக்கு மேலங்கிப் பைக்குள் கைபேசி துடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். நாங்கள் குடியிருக்கும் ஊரின் நகரசபையிலிருந்து ஒரு மின்னஞ்சல். ஐந்தே வரி.

நிதி நெருக்கடியால் இந்த ஆண்டு கலைகளுக்கான உதவி முழுவதும் நிறுத்தப்படுகிறதாம். என் விண்ணப்பமும் அதில் சேருமாம். என் ஆர்வத்துக்கு நன்றியாம்.

மூன்று முறை படித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைமைச் சமையல்காரி ஓடி வந்தாள். "வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து எட்டுக் கூத்துக்காரர்கள் மே மாதம் இங்கே வந்து இருபது நாள் ஆட இருந்தார்கள். அவர்களுக்கு நான் என் கையால் தாம்பூலம் வைத்துவிட்டு வந்திருந்தேன். இதை எப்படி இங்கிலீஷில் சொல்வது?

"வெற்றிலை" என்று மட்டும் சொன்னேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கள் நகரசபை ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு விழா எடுக்கும். பல நாட்டு ஆட்டம், பாட்டு, பூங்காவில் கொட்டகை. கலைப்பிரிவில் மார்கரெட் என்று ஓர் அதிகாரி. நல்ல மனுஷி. பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது நான் பரிமாறிக்கொண்டே பேசியதைக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊர்க் கலை எதையாவது கொண்டுவாருங்கள், நாங்கள் பணம் தருகிறோம்" என்றாள். ஒரு சர்க்கார் அதிகாரி, தானாக வந்து, தட்டுக் கழுவுகிறவளிடம் சொல்கிறாள்! எங்கள் மாவட்டத்தில் ஒரு ஜாதிச் சான்றிதழுக்கு எத்தனை நாள் அலைந்திருக்கிறேன் என்பது எனக்குத்தானே தெரியும்.

விண்ணப்பம் பதினெட்டுப் பக்கம். என் மகள் நிலாதான் நிரப்பினாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. தமிழ் புரியும், ஆனால் பதில் இங்கிலீஷில்தான் வரும். கூத்து என்றால் அவளுக்கு ஒரே ஒரு ஞாபகம்: ஆறு வயதில் ஊருக்குப் போயிருந்தபோது துச்சாதனனைப் பார்த்துப் பயந்து என் சேலைக்குள் புகுந்துகொண்டது. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, கலைஞர்களோடு உங்களுக்கு உறவு உண்டா என்று. குழுவை நடத்தும் ஏழுமலை என் அத்தை மகன். மிருதங்கக்காரர் அவன் பெண்டாட்டி வழியில் அண்ணன் முறை. நான் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல நிலா எழுதினாள். இடம் போதவில்லை. கடைசியில், "உண்டு, எல்லோரோடும்" என்று எழுதி முடித்தாள்.

மார்கரெட் நேரில் அழைத்து, ஆட்டம் எவ்வளவு நேரம் என்று கேட்டாள். எட்டு மணி நேரம் என்றேன். என் இங்கிலீஷைப் பற்றி அவளுக்குத் தெரியும். பாவம், தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்து, எண்பது நிமிடம் என்று திருத்தி எழுதிக்கொண்டாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

டிசம்பரில் கடிதம் வந்தது. கொள்கை அளவில் ஒப்புதல். பணம் வரவேண்டும் என்றால், அந்த இருபது நாளும் வேறெங்கும் ஆட ஒத்துக்கொள்ளவில்லை என்று கலைஞர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

நிலா கடிதத்தை என் முன்னால் வைத்தாள். "அம்மா, இவங்க ஓகேன்னு சொல்லல. பணம் இருந்தா ஓகேன்னு சொல்றாங்க." அபூர்வமாகத் தமிழில் சொன்னாள். அதனாலேயே நான் கவனித்திருக்க வேண்டும்.

3

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். திருவண்ணாமலையில் தம்பி வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, கீழ்பென்னாத்தூர் பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஏழுமலை வீட்டு வாசலில் இறங்கினேன்.

"இன்னா வள்ளி, சீமைக்குக் கூட்டிம்போறேன்னு சொல்லிட்டு வெறுங்கைய வீசிகினு வர்ற?" என்றான். என்னைவிட நான்கு வயது மூத்தவன். சின்ன வயதில் என்னைத்தான் கட்டிக்கொள்வதாக இருந்தது. நான் சேகரைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன். அதை இன்னும் சொல்லிக் காட்டுவான், பெண்டாட்டி எதிரிலேயே.

"ஒரு லெட்டர் எழுதிக் குடு மாமா. மே மாசம் இருபது நாளு வேற எங்கயும் ஆட்டம் ஒத்துக்கலன்னு."

"ஒத்துக்கலன்னு எழுதணும்னா நீ வெத்தலை வச்சிருக்கணுமே. வைக்காத வெத்தலைக்கு நான் எப்படி கையெழுத்து போடுவேன்?"

"வெத்தலை வைக்கணும்னா அவங்க பணம் குடுக்கணும். நீ லெட்டர் குடுத்தாத்தான் அவங்க பணம் குடுப்பாங்க."

 "அப்ப யாராவது ஒருத்தர் முதல்ல நம்பித்தான் ஆவணும்" என்றான்.

எங்கள் பக்கத்துக் கூத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஓர் ஊருக்குக் கூத்து வேண்டும் என்றால், அந்த ஊர்க்காரர்கள் குழுவை நடத்தும் வாத்தியார் வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு, பழம், தேங்காயோடு முன்பணம் வைப்பார்கள். வாத்தியார் எடுத்துக்கொண்டால் முடிந்தது. அந்தத் தேதிக்கு மந்திரியே வந்து கூப்பிட்டாலும் குழு போகாது. வைத்தவரும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. இதுவரை யாரும் மாறியதும் இல்லை.

ஏழுமலையின் மனைவி லட்சுமி உள்ளேயிருந்து வந்தாள். "அக்கா, சித்திரை வைகாசிதான் எங்களுக்கு வருஷமே. பாரதக் கூத்து நடக்கற ஊரெல்லாம் அந்த ரெண்டு மாசம்தான் கூப்பிடும். அதுல இருவது நாள கேக்கறீங்க. நிச்சயம்தானே?"

"சர்க்கார் விஷயம் லட்சுமி. காகிதத்துல குடுத்துருக்காங்க" என்றேன்.

பொய் இல்லை. காகிதத்தில்தான் கொடுத்திருந்தார்கள். கடைக்கு ஓடி எல்லாம் வாங்கி வந்து, என் கைப்பணத்தை மேலே வைத்துத் தட்டை நீட்டினேன். செய்தி கேட்டு எட்டுப் பேரும் வந்து நின்றார்கள்.

"யார் பேர்ல?" என்று ஏழுமலை கேட்டான். கேட்க வேண்டும், அது வழக்கம்.

"எங்க நகரசபை பேர்ல."

பாஞ்சாலி வேஷம் கட்டும் முருகேசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நகரசபை வெத்தலை போடுமாக்கா? பல்லு கறை ஆவாதா?"

எல்லோரும் சிரித்தோம், ஏழுமலை தட்டை வாங்கிக்கொண்டு கடிதத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட. நான்தான் ஜாஸ்தி சிரித்தேன்.

4

நான் திரும்பி வந்த ஒரே மாதத்தில் மூன்று ஊர்க்காரர்கள் ஏழுமலை வீட்டுக்குத் தாம்பூலத்தோடு வந்தார்கள். மூன்றும் பல வருடமாக ஆடுகிற ஊர். மூன்றையும் அவன் திருப்பி அனுப்பினான். எட்டுப் பேரும் பாஸ்போர்ட் எடுக்கப் போனார்கள். மிருதங்கக்காரர் கஜேந்திரனுக்கு விரல் ரேகை விழவே இல்லை. நாற்பது வருடம் தோலைத் தட்டித் தட்டி ரேகை தேய்ந்து போயிருந்தது. "பத்து நாளு தட்டாம எண்ணெய் போட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். மனுஷன் பத்து நாள் மிருதங்கத்தைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கொழந்தய வச்சிகினு பால் குடுக்காத மாதிரி இருக்குதும்மா" என்று போனில் சொன்னார்.

இங்கே அதே மாதத்தில்தான் மந்தநிலை என்ற சொல் ரேடியோவில் வர ஆரம்பித்தது. முதலில் அது யாருக்கோ நடப்பது போல இருந்தது. பிறகு சேகர் ஓட்டும் பஸ்ஸின் கடைசி இரண்டு நடையை நிறுத்தினார்கள். எங்கள் தெரு நூலகம் வாரத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று, பிறகு பூட்டு. நீச்சல் குளத்துக்கு வெந்நீர் நின்றது. கடைசியில் நகரசபை கூடி, கலைக்குப் பாதி இல்லை, கால் இல்லை, ஒன்றுமே இல்லை என்று முடிவெடுத்தது.

எனக்கு அதிர்ச்சி அங்கேதான். பணம் கம்மியானால் கம்மியாகக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு நகரம் ஒரே சாயங்காலத்தில் கை தூக்கி, இனிமேல் பாட்டும் ஆட்டமும் எங்கள் வேலை இல்லை என்று சொல்ல முடியும் என்பது எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வருடமாக வாழ்கிற ஊரைப் பற்றி இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருக்கிறது.

மின்னஞ்சல் வந்த அன்று மாலை மார்கரெட்டே கூப்பிட்டாள். அழுதாள். அவளுடைய வேலையும் அந்தப் பட்டியலில் இருந்ததாம். நான்தான் ஆறுதல் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது, எனக்கு அவள் ஆறுதல் சொல்லவே இல்லை.

"ரெண்டு நிமிஷம் போன் பண்ணி சொல்லிடு" என்றார் சேகர்.

பண்ணினேன். ஏழுமலை எடுத்தான். பின்னால் மிருதங்கம் கேட்டது. "எட்டு மணி நேரத்த எம்பது நிமிஷமா சுருக்கிகினு இருக்கறோம் வள்ளி. யானைய டிபன் பாக்ஸ்ல வைக்கற மாதிரி இருக்குது. காத மட்டும் வெளில வுட்டுடலாமான்னு பாக்கறோம்."

"சும்மாதான் மாமா கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

நேரில் வைத்ததை நேரில்தான் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஈஸ்டர் விடுமுறைக்குப் பள்ளி மூடியதும் விமானம் ஏறினேன். மூன்று மாதத்தில் இரண்டாவது தடவை. என்ன சொல்லிப் புலம்புவது என்று தெரியாமல் சேகர் எடைத் தராசை மட்டும் எடுத்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

5

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து தம்பி வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போது டிரைவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ரமணாசிரமம் தாண்டியதும் அவர் கையை நீட்டினார். காபிக் கடை வாசலெங்கும் வெள்ளைக்காரர்கள்.

"வெளிநாட்டு சர்க்கார்ட்ட பணம் இல்லியா? சும்மா சொல்லாதீங்கக்கா. அப்ப இங்க குந்திகினு காபி குடிக்கறவங்க எல்லாம் எந்த நாடு?"

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏழுமலை வீடு. வேப்பமரத்தடியில் எட்டுப் பேரும் ஒத்திகையில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது. "சொல்லாம கொள்ளாம வந்துருக்கா பாரு, டிக்கெட்ட கையோட எடுத்தாந்துட்டா போல" என்று முருகேசன் கத்தினான். ஏழுமலை என் கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போனான். "மொதல்ல இதப் பாரு."

கட்டிலில் துரியோதனன் கிரீடம் இருந்தது. கண்ணாடிச் சில்லும் காக்காப் பொன்னும் ஒட்டிய பெரிய மரக் கிரீடம், அவன் அப்பா காலத்தது. அது இரண்டாக இருந்தது. நட்டநடுவில் ரம்பம் போட்டு அறுத்து, கீல் வைத்திருந்தார்கள்.

"ஃப்ளைட்டு பெட்டில அடங்கல. அளந்து பாத்து அறுத்துட்டோம். மடக்கினா ஒரு சாண்தான். எப்படி நம்ம வேல?"

 வெளியில் வந்தேன். எட்டுப் பேருக்கும் எதிரில் நின்று சொன்னேன். வழி நெடுக மனதில் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "அவங்க இல்லன்னுட்டாங்க. பணம் இல்லியாம். யாரும் வர வேணாம்னுட்டாங்க." அவ்வளவுதான்.

 கஜேந்திரன் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் லட்சுமிதான். "மூணு ஊரு வெத்தலய திருப்பி அனுப்பினாரு அக்கா. வாசல்ல வந்து நின்னவங்கள. நான் அப்பவே கேட்டேன், நிச்சயமான்னு. காகிதம்னீங்க. எங்களுக்கு காகிதம் இன்னான்னு தெரியாது, உங்களுக்கு தெரியும்னு நெனச்சோம்."

"லட்சுமி, உடு" என்றான் ஏழுமலை.

"இன்னாத்த உடறது? வைகாசிக்கு அப்புறம் ஆடி வரைக்கும் சோறு யாரு போடுவா? நகரசபையா?"

நான் அழவில்லை. அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார்கள். மார்கரெட்டிடம் கற்றுக்கொண்டது அது. என் பணத்திலிருந்து அவர்கள் நஷ்டத்தில் ஒரு பங்காவது தருகிறேன் என்றேன். அதற்குத்தான் ஏழுமலைக்குக் கோபம் வந்தது.

"பிச்சையா கேட்டோம்? ஆட்டக்காரனுக்கு ஆட்டம் குடு." பிறகு கேட்டான், "வெத்தலை யார் பேர்ல வச்ச?"

"நகரசபை பேர்ல."

"நகரசபைலேர்ந்து இன்னிக்கி யார் வந்துருக்கறாங்க?"

சுற்றிப் பார்த்தேன். "நான்தான்."

"அப்ப நீயே வா. மூணு ஊருக்கும் போயி, இவங்கள புடிச்சி வச்சது நான், இப்ப உட்டுட்டேன்னு சொல்லு. நாங்களா போயி கேக்க முடியாது. வேணாம்னு அனுப்பின வாசல்ல எந்த மூஞ்சிய வச்சிகினு நிக்கறது? நீ சொன்னா, அவங்களுக்கு இஷ்டம் இருந்தா கூப்பிடுவாங்க. இல்லன்னா இல்ல."

6

ஊர்ப் பெயர்களை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர்களுக்குப் பிடிக்காது.

ஏழுமலை தன் பைக்கில் என்னைக் கூட்டிப் போனான். முதல் ஊரில் வேறு குழுவுக்குத் தாம்பூலம் வைத்துவிட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து, "எங்க ஊரு பொண்ணு எதுக்கு இவ்ளோ வாட்டமா கீறே" என்று விசாரித்து அனுப்பினார்கள். இரண்டாவது ஊரின் கோவில் பொறுப்பாளர் பைக்கை விட்டு இறங்கவே இல்லை. "லண்டனுக்கு போறவங்களுக்கு எங்க ஊரு எதுக்கு? நாங்க ஆர்கெஸ்ட்ரா பேசிட்டோம்" என்று சொல்லி, ஏழுமலையை ஒரு முறை பார்த்துவிட்டு, கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த ஊரில் பதினாறு வருடம் ஆடியிருக்கிறான். வண்டி மறைகிற வரை ஏழுமலை பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "இனி இந்த ஊரு இல்ல" என்றான். ஒரு வருடத்தைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று அங்கேதான் புரிந்தது.

மூன்றாவது ஊருக்குப் போனபோது சாயங்காலம் நான்கு மணி. திரௌபதியம்மன் கோவிலில் ஊர்க்கூட்டம். நாங்கள் போன காரியமே அங்கே நடந்துகொண்டிருந்தது: இந்த வருடம் பாரதம் எத்தனை நாள் என்ற பேச்சு. மணிலாக்கொட்டை விலை விழுந்துவிட்டது. திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் பாதிப் பேர் வேலையில்லாமல் திரும்பி வந்துவிட்டார்கள். தலைக்கட்டு வரி, அதாவது வீட்டுக்கு வீடு ஊர் போடும் திருவிழா வரி, இந்த வருடம் யாராலும் முழுதாகக் கட்ட முடியாது.

ஒரு வாலிபர் எழுந்து, "இந்த வருஷம் கூத்த உட்டுடலாம். அபிஷேகம் மட்டும் பண்ணுவோம்" என்றார்.

"எப்படிடா உடறது?" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல். இட்லிக் கடை குப்பம்மாவாம். மாவுக் கையோடே வந்து உட்கார்ந்திருந்தாள். "துரியோதனன உயிரோட உட்டுட்டு வீட்டுக்கு போவ சொல்றியா? பத்து நாள அஞ்சு நாளாக்கு. வரிய பாதியாக்கு. நான் ஒண்டிக்காரி, நானே குடுக்கறேன். உங்கப்பன் குடுக்க மாட்டானா?"

கூட்டம் சிரித்தது. வாலிபர் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கூச்சல். பிறகு தர்மகர்த்தா கையை உயர்த்தி, "பாதி வரி, அஞ்சு நாள்" என்றார். நான் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் நகரசபையின் நினைவு வந்தது. அவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஆனால் அவர்கள் பாதி என்ற ஒன்று இருப்பதையே பார்க்கவில்லை.

தர்மகர்த்தா எங்களைப் பார்த்துவிட்டார். "வாத்தியாரே, சீமைக்கு போறேன்னீங்க?"

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் முன்னால் வந்து சொன்னேன்.  நான்தான் தாம்பூலம் வைத்தேன், நான்தான் பிடித்து வைத்தேன், அங்கே பணம் இல்லை என்றுவிட்டார்கள், இப்போது விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது, அவர்களைத் தள்ளிவிடாதீர்கள்.

"இல்லன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார் தர்மகர்த்தா.

"அங்க நகரசபை."

"அவங்க ஏன் வரல?"

 "அவங்க இதுக்கெல்லாம் வர மாட்டாங்க. பணம் குடுக்க இருந்த அம்மாவுக்கே வேல போயிடுச்சு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ உச்சுக்கொட்டினார்கள், முகம் தெரியாத மார்கரெட்டுக்காக.

குப்பம்மா எழுந்தே விட்டாள். "ஏம்மா, அந்த ஊர்ல நீ வரி கட்டறியா?"

"கட்டறேன்க்கா. மாசாமாசம்."

"எத்தினி வருஷமா?"

"இருபத்தஞ்சு."

"அப்ப அவங்க கூடி இல்லன்னு சொன்ன அன்னிக்கி நீ அங்க இருந்தியா?"

"இல்ல."

"போயி ஏன்னு கேட்டியா?"

"இல்லக்கா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கோபம்கூட இல்லை, புரியாத பார்வை. "இருக்கற ஊர்ல வாயத் தொறக்கல. இல்லாத ஊர்ல வந்து கைகட்டி நிக்கற. இது இன்னா பொழப்பு?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். நன்றாகப் பேசுகிறவர்களைக் கண்டால் நின்று கேட்கிற ஆள் நான். இப்படி ஒரு வார்த்தை என் மேல் விழுந்தது இல்லை.

அந்த ஊர் ஏழுமலைக்கு ஐந்து நாள் கொடுத்தது. அங்கேயே, எல்லோர் எதிரிலும் தாம்பூலம் மாற்றினார்கள். இருபதில் ஐந்து. பதினைந்து நாள் போனது போனதுதான். திரும்பி வரும்போது பைக்கை ஓட்டிக்கொண்டே ஏழுமலை கேட்டான்: "அங்க போயி கேப்பியா?"

"என் இங்கிலீஷுக்கு அங்க யாரு மாமா காது குடுப்பாங்க?"

"எட்டு மணி நேரம்னு சொன்னா எம்பது நிமிஷம்னு எழுதிக்கறாங்க இல்ல, அத்தினியாவது எழுதிக்கட்டும்" என்றான்.

7

நகரசபைக் கூட்டத்தில் ஊர்க்காரர் யாரும் பேசலாமாம். முன்னாலேயே பெயர் கொடுக்க வேண்டும். மூன்று நிமிடம். இருபத்தைந்து வருடமாக எனக்கு இது தெரியாது. அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் தினமும் பஸ்ஸில் போகிறேன்.

நிலா எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கூட வந்தாள். சாயங்காலம் ஆறு மணி, பெரிய கூடம், மரப் பெஞ்சு, மேலே பழைய மேயர்களின் படங்கள். எங்களோடு பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். எனக்கு முன்னால் நூலகத்துக்காக ஒரு டீச்சர் பேசினாள். அப்புறம் என் பெயரைத் தப்பாகக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

ஒவ்வொருவர் பேராகச் சொன்னேன். ஏழுமலை, லட்சுமி, கஜேந்திரன், முருகேசன், மற்ற ஐந்து பேர். அவர்கள் உங்களுக்காக மூன்று ஊரை வேண்டாம் என்றார்கள் என்றேன். ஒருவர் பத்து நாள் வாசிக்காமல் இருந்தார் என்றேன். கிரீடத்தை அறுத்ததைச் சொன்னேன். நீங்கள் எனக்கு ஐந்து வரி எழுதினீர்கள், அதை எடுத்துக்கொண்டு ஐயாயிரம் மைல் போனது நான் என்றேன். அங்கே ஒரு ஊரில் எல்லா வீட்டுக்கும் கஷ்டம், எல்லோரும் உட்கார்ந்து பாதியாக்கினார்கள், ஒன்றுமே வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை, உங்களுக்கு ஏன் பாதி தோன்றவில்லை என்று கேட்டேன்.

இலக்கணம் எங்கெங்கே உடைந்ததோ தெரியாது.  ஒரு பெண் உறுப்பினர் முன்னால் இருந்த காகிதத்தைப் புரட்டித் தேடினார். பிறகு மெல்லக் கேட்டார்: "ஏற்கெனவே அவர்களை அழைத்துவிட்டிருந்தீர்களா? எங்கள் பட்டியலில் இது ஒரு எண்ணாக மட்டும்தான் இருக்கிறது."  அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கை தூக்கிய யாருக்குமே அந்த எண்ணுக்குப் பின்னால் ஆட்கள் இருந்தது தெரிந்திருக்கவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்கள் கருத்துக்கு நன்றி. பதிவு செய்துகொண்டோம். அடுத்து, நீச்சல் குளம் பற்றிப் பேச வந்திருப்பவர்."

நீச்சல் குளத்துக்காரர் எழுந்து நின்றார். வயதானவர், கையில் சுருட்டிய காகிதம். நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அவர் பேச ஆரம்பிக்கவில்லை.

"அம்மா, உக்காரு. முடிஞ்சிடுச்சு" என்று நிலா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"நான் கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லலடி" என்றேன்.

நிலா இன்னொரு முறை இழுத்தாள். அப்புறம் கோட்டை விட்டுவிட்டாள். தலைவர் என் பெயரை மறுபடியும் கூப்பிட்டார், இந்த முறையும் தப்பாகத்தான். நான் உட்காரவில்லை.